ஆம்புலன்ஸின் முகப்பு விளக்கு ஏன் மின்னுகிறது?

அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நோயாளியை இறக்கியபின் உறவினர்கள் எங்களிடம் கேட்கும் கேள்விகளுள் ஒன்று சற்றே கோபத்துடன் வரும். "வழி முழுவதும் விளக்கை மினுக்கவில்லை, சைரனும் ஒலிக்கவில்லை. என் தந்தையின் உயிரைப் பற்றி அந்த ஓட்டுநருக்குக் கவலையே இல்லையா?" என்று அண்மையில் ஒரு மகன் கேட்டார். இடுப்பெலும்பு முறிந்திருந்த அவருடைய தந்தை வேறொரு மருத்துவமனையிலிருந்து எங்களிடம் மாற்றப்பட்டிருந்தார். இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, மூச்சு மூன்றும் சீராக இருந்தன. வலிக்கு மருந்தும் கொடுக்கப்பட்டிருந்தது. முறிந்த எலும்பு அசையாதபடி, குலுக்கலின்றி அவரைக் கொண்டுவந்து சேர்த்திருந்தார் ஓட்டுநர். மகன் அலட்சியம் என்று எண்ணியது உண்மையில் சிகிச்சையின் ஒரு பகுதி.

அவருக்கு அன்று நின்றுகொண்டே சில சொற்களில் கூறிய விடையைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன். ஆம்புலன்ஸின் மின்னும் முகப்பு விளக்கு எதற்காக இருக்கிறது, எப்படிப் பொருத்தப்படுகிறது, எப்போது அதை இயக்க வேண்டும், எப்போது கூடாது என்பதை நோயாளிகளும் குடும்பத்தினரும் அறிந்திருப்பது நல்லது. அந்த வண்டியில் என்றேனும் நாம் ஒவ்வொருவரும் பயணம் செய்ய நேரலாம். அதற்கு வழிவிட வேண்டிய நிலையோ அனேகமாக நாள்தோறும் நமக்கு நேர்கிறது.

கூரையில் விளக்கு இருக்கும்போது முகப்பு விளக்கு எதற்கு?

ஆம்புலன்ஸின் கூரைமீது சிவப்பும் நீலமுமாக ஒளிரும் விளக்குகளை அனைவரும் பார்த்திருப்போம். உயரத்தில் இருப்பதால், இடையில் நிற்கும் வாகனங்களின் தலைக்கு மேலாகத் தொலைவிலிருந்தே அவை தெரியும். ஆனால் ஆம்புலன்ஸ் ஒரு காரின் பின்னால் நெருங்கி வந்துவிட்டால் நிலைமை மாறுகிறது. முன்னால் செல்லும் ஓட்டுநர் பின்புறத்தைப் பார்ப்பது ஒரு சிறிய கண்ணாடி வழியாகத்தான். உயரமான ஆம்புலன்ஸின் கூரை அந்தக் கண்ணாடியின் சட்டத்துக்கு வெளியே போய்விடும். அதில் தெரிவது வண்டியின் முகப்பும் அதிலுள்ள விளக்குகளும் மட்டுமே. ஆகவே, அந்த உயரத்தில் ஒரு சைகை தேவைப்படுகிறது. ஆம்புலன்ஸ் என்ற ஆங்கிலச் சொல்லை வண்டியின் முன்புறத்தில் இடவலமாகத் திருப்பி எழுதுவதும் இதே காரணத்துக்காகத்தான். பின்பார்வைக் கண்ணாடியில் அது நேராகத் தெரியும்.

சைரன் மட்டும் போதாதா என்று கேட்கலாம். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, குளிர்சாதனத்தையும் பாட்டையும் இயக்கிக்கொண்டு செல்லும் காருக்குள் சைரன் ஒலி மங்கிப்போகிறது. தலைக்கவசம் அணிந்தவருக்கு, ஒலி கேட்டாலும் எத்திசையிலிருந்து வருகிறது என்று சட்டென்று புரிவதில்லை. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு வினாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடும். ஓட்டுநர் ஒன்றைக் கவனித்து, முடிவெடுத்து, காலைப் பிரேக்குக்குக் கொண்டுசெல்ல ஒன்றரை வினாடி ஆகும் என்று வைத்துக்கொண்டால், அதற்குள் 25 மீட்டர் ஓடியிருக்கும். எவ்வளவு முன்கூட்டியே அவர் ஆம்புலன்ஸைக் கவனிக்கிறாரோ, அவ்வளவு நிதானமாக ஒதுங்க முடியும்.

நம் சாலைகளில் முகப்பு விளக்கை இரண்டு முறை அடித்துக் காட்டுவது 'நான் வருகிறேன், வழிவிடுங்கள்' என்பதற்கான அடையாளமாக ஏற்கெனவே வழக்கத்தில் உள்ளது. மின்னும் முகப்பு விளக்கு அதே வேண்டுகோளை, ஓட்டுநரின் கை ஸ்டியரிங்கை விட்டு விலகாமல், தானாகவே தொடர்ந்து தெரிவிக்கிறது.

தொடர்ந்து எரியாமல் ஏன் மின்ன வேண்டும்?

விழித்திரையின் நடுப்பகுதி நுணுக்கமான வடிவங்களையும் நிறங்களையும் அறிய வல்லது. நேராகப் பார்க்கும்போது நாம் பயன்படுத்துவது அதைத்தான். விளிம்புப் பகுதிக்கு அந்தக் கூர்மை இல்லை. ஆனால் அசைவையும் ஒளியின் ஏற்ற இறக்கத்தையும் அது விரைவாகக் கண்டுகொள்ளும். ஓட்டுநர் முன்னே பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்பார்வைக் கண்ணாடி அவருடைய பார்வையின் ஓரத்தில்தான் இருக்கிறது. ஓரத்தில் தோன்றும் நிலையான ஒளியை மூளை சிறிது நேரத்தில் பொருட்படுத்தாமல் விட்டுவிடும். மின்னும் ஒளியை அவ்வாறு விடுவதில்லை. இடப்புற விளக்கும் வலப்புற விளக்கும் மாறிமாறி எரியும்போது ஒளி இங்குமங்கும் நகர்வதுபோன்ற தோற்றமும் உண்டாகிறது. அது கவனத்தை மேலும் ஈர்க்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. 2017 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கப்படும் புதிய இருசக்கர வாகனங்களில், என்ஜின் ஓடும்போதெல்லாம் முகப்பு விளக்கும் எரிய வேண்டும் என்பது விதி. பகலில் எரியும் விளக்கு இன்று சாலையில் ஒரு புதுமையல்ல. எனவே, நிலையாக எரியும் விளக்கை வைத்து ஆம்புலன்ஸைத் தனியாக அடையாளம் காண முடியாது.

மின்னும் வேகத்துக்கும் எல்லை உண்டு. அவசர வாகனங்களின் கூரை விளக்குகள் வினாடிக்கு 2 முதல் 4 முறை மின்னலாம் என்று ஐரோப்பிய நாடுகள் பின்பற்றும் ஐ.நா. வாகன விதி எண் 65 வரையறுக்கிறது. அதைவிட மிக வேகமாக மின்னச் செய்வதில் மருத்துவ ரீதியான இடர் இருக்கிறது. வலிப்பு நோயாளிகளுள் சிலருக்கு, துடிக்கும் ஒளியே வலிப்பைத் தூண்டிவிடும். வினாடிக்கு 15 முதல் 25 முறை வரை துடிக்கும் ஒளி அவர்களுக்கு மிகுந்த ஆபத்தானது. இத்தகைய ஒளியுணர்வு வலிப்பு இருப்பதாக உங்களிடம் மருத்துவர் கூறியிருந்தால், மின்னும் விளக்குகள் பல ஒருங்கே தெரியும் இடத்தில் ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுவதும் மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். இமைகளை மூடினால் மட்டும் போதாது, ஒளி அவற்றையும் ஊடுருவும்.

வண்டியில் பொருத்தப்படுவது என்ன?

முகப்பு விளக்கின் மின்சுற்றில் ஒரு சிறிய கட்டுப்பாட்டுக் கருவி இணைக்கப்படுகிறது. ஓட்டுநர் விசையை அழுத்தியதும், இரு பக்கத்து உயரொளிகளையும் அது மாறிமாறி எரியவைத்து அணைக்கும். முற்காலத்தில் இதற்கு இயந்திர ரிலேக்கள் பயன்பட்டன. இப்போது மின்னணுக் கருவிகள் வந்துவிட்டன.

எல்லா விளக்குகளையும் இவ்வாறு மினுக்க இயலாது. ஹாலஜன் பல்பில் உள்ள இழை சூடாகி ஒளிரவும், குளிர்ந்து அணையவும் சற்று நேரம் பிடிக்கும். ஆகவே, மிதமான வேகத்தில்தான் அதை மினுக்க முடியும். வேகத்தைக் கூட்டினால் அது முழுமையாக ஒளிர்வதுமில்லை, முழுமையாக அணைவதுமில்லை. எல்.ஈ.டி. விளக்கு உடனுக்குடன் எரிந்து அணையும் என்பதால் இப்பணிக்கு ஏற்றது. செனான் விளக்கு எரியத் தொடங்கி முழு ஒளியை எட்டச் சில வினாடிகள் ஆகும். திரும்பத் திரும்ப அணைத்து ஏற்றினால் விரைவில் பழுதாகிவிடும். அவ்வகை வண்டிகளில் முகப்பில் வேறு தனி விளக்குகளைப் பொருத்துவதே முறை.

நன்கு அமைக்கப்பட்ட கருவியில் மூன்று பாதுகாப்புகள் இருக்க வேண்டும். முதலாவது, உயரொளி மட்டுமே மின்ன வேண்டும். சாலையைக் காட்டும் தாழொளி ஒருபோதும் துண்டிக்கப்படக் கூடாது. இரண்டாவது, இரவில் ஓட்டுநர் முகப்பு விளக்கை ஏற்றியவுடன் மினுக்கம் தானாகவே நின்றுவிட வேண்டும். மூன்றாவது, வண்டியை நிறுத்திக் கைப்பிரேக்கைப் போட்டதும் அது அணைந்துவிட வேண்டும்.

இரண்டாவது பாதுகாப்பைப் பற்றிச் சற்று விளக்க வேண்டும். பகலில் உதவும் இந்த ஒளி இரவில் தீங்காகிவிடும். இருளுக்குப் பழகிய கண்ணில் மின்னும் உயரொளி பட்டால் எதிரே வருபவருக்குச் சில கணங்கள் எதுவும் தெரியாது. முதியவர்களுக்குப் பார்வை மீள இன்னும் நேரமாகும். கண்புரை உள்ளவர்களுக்கு ஒளி கண்ணுக்குள்ளேயே சிதறி, காட்சி முழுவதும் வெளிறிப்போகும். அந்த நேரத்தில் சாலையோரம் நடந்து வருபவரை அவர்கள் கவனிக்கத் தவறலாம். இரவில் கூரை விளக்குகளே போதுமானவை. சிறப்பாக நீல நிறம், இருளுக்குப் பழகிய கண்ணுக்குச் சிவப்பைவிட எடுப்பாகத் தெரியும். நிறுத்தப்பட்ட வண்டியின் மினுக்கமும் இப்படித்தான். விபத்து நடந்த இடத்தில் காயமடைந்தவரைத் தூக்குவோரின் கண்களையும், அவ்வழியே வரும் வாகன ஓட்டிகளின் கண்களையும் அது கூசச் செய்யும்.

நோயாளிக்கும் மின்கம்பிக்கும் என்ன தொடர்பு?

விளக்கு வண்டியின் வெளிப்புறத்தில்தானே இருக்கிறது, அது எப்படிப் பொருத்தப்பட்டால் நோயாளிக்கு என்ன என்று தோன்றலாம். ஆம்புலன்ஸின் உட்புறத்தை எண்ணிப் பாருங்கள். செயற்கைச் சுவாசக் கருவி, இதயத் துடிப்பைக் காட்டும் மானிட்டர், மருந்தைச் சொட்டு அளவில் செலுத்தும் பம்ப், சளியை உறிஞ்சும் கருவி ஆகிய அனைத்தும் வண்டியின் மின்சாரத்தை எதிர்பார்த்திருப்பவை. இவற்றுக்கு உள்ளேயே பேட்டரி இருந்தாலும் அது குறிப்பிட்ட நேரம் மட்டுமே தாங்கும். கணக்கின்றிச் சேர்க்கப்பட்ட விளக்குகள், போக்குவரத்து நெரிசலில் என்ஜின் மெதுவாக ஓடும் வேளையில் வண்டியின் பேட்டரியை வற்றச் செய்யக்கூடும்.

அதைவிட அஞ்சத்தக்கது தீ. சாதாரண ஹாலஜன் பல்பின் உயரொளி இழை 60 வாட் திறன் கொண்டது. 12 வோல்ட் மின்சுற்றில் அதற்கு 5 ஆம்பியர் மின்னோட்டம் தேவை. மெல்லிய கம்பியைக் கொண்டு, ஃபியூஸ் இல்லாமல், முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகள் நாளடைவில் தளர்ந்து சூடேறும். ஆம்புலன்ஸுக்குள் ஆக்சிஜன் சிலிண்டர்கள் இருக்கின்றன. ஆக்சிஜன் செறிந்த காற்றில் சிறு பொறியும் பெருந்தீயாக வளரும். படுத்த நிலையில் பட்டையால் கட்டப்பட்டிருக்கும் நோயாளி தாமாக எழுந்து ஓட முடியாதவர். ஆகவேதான், இக்கருவியை அந்த வண்டியின் தயாரிப்பாளர் அளித்த வழிமுறைப்படி, பயிற்சி பெற்றவர் மட்டுமே பொருத்த வேண்டும் என்று வலியுறுத்துகிறோம். இன்றைய வாகனங்களில் விளக்குகளைக் கணினியே கண்காணிக்கிறது. இடையில் கம்பியை வெட்டி இணைத்தால் மற்ற அமைப்புகளிலும் கோளாறு தோன்றலாம்.

எவ்வளவு நேரம் மிச்சமாகிறது?

விளக்கும் சைரனும் மிச்சப்படுத்தும் நேரத்தை அளந்த ஆய்வுகள் பல. இடத்துக்கு இடம் மாறினாலும், ஒரு பயணத்தில் ஒரு நிமிடத்துக்கும் குறைவு முதல் மூன்று நான்கு நிமிடங்கள் வரை என்பதே அவை காட்டும் பொதுவான அளவு. சில நோய்களில் இந்தச் சில நிமிடங்களே எல்லாமும் ஆகும். இதயம் நின்றுபோனவருக்கு நெஞ்சை அழுத்தும் முதலுதவி கிடைக்காத ஒவ்வொரு நிமிடத்திலும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது. மூளையின் பெரிய இரத்தக்குழாய் அடைபட்ட பக்கவாதத்தில் நிமிடத்துக்குச் சராசரியாக 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன. இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் செலுத்தியாக வேண்டும். கட்டுக்கடங்காத இரத்தப்போக்கு, மூச்சுத் திணறல், மாரடைப்பு ஆகியவற்றிலும் வழி கேட்டு விரைவது முற்றிலும் சரியே.

ஆனால் இதற்கு ஒரு விலையும் உண்டு. அமெரிக்காவில் 2016ஆம் ஆண்டின் ஆம்புலன்ஸ் பயணங்களை ஆராய்ந்து 2019இல் ஓர் ஆய்வு வெளியானது. நோயாளியை ஏற்றிக்கொண்டு விளக்கும் சைரனும் இல்லாமல் சென்ற பயணங்களில், ஒரு லட்சத்துக்கு 7 என்ற அளவில் விபத்துகள் நேர்ந்திருந்தன. அவற்றுடன் சென்றபோது அது 17 ஆக இருந்தது. நம் சாலைகள் வேறு, அந்நாட்டுச் சாலைகள் வேறு. எனினும் அது உணர்த்தும் பாடம் நமக்கும் பொருந்தும். விளக்கைக் கண்டு ஒருவர் ஒதுங்குவார், ஒருவர் திகைத்துச் சட்டென்று நிற்பார், மற்றொருவர் கவனிக்காமலே குறுக்கே வந்துவிடுவார். வண்டிக்குள் நின்று மருத்துவம் செய்யும் உதவியாளர் ஒவ்வொரு திடீர்ப் பிரேக்கிலும் தடுமாறுவார். ஊசி ஏற்றுவதும், நெஞ்சை அழுத்துவதும் குலுங்கும் வண்டியில் சரிவர நடைபெறா. ஏற்கெனவே அச்சத்தில் இருக்கும் நோயாளிக்குச் சைரன் ஒலியே நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் உயர்த்திவிடலாம்.

எனவே, ஒவ்வொரு பயணத்திலும் எடைபோட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. இந்த நோயாளிக்கு இரண்டு நிமிடம் முன்னதாகச் சேர்வதால் சிகிச்சையில் மாற்றம் உண்டா? உண்டெனில் விளக்கு மின்ன வேண்டும். இல்லையெனில், சீரான வேகத்தில் குலுக்கலின்றிச் செல்வதே அவருக்குச் செய்யும் நன்மை. இதை முடிவு செய்ய வேண்டியவர் நோயாளியின் அருகில் இருந்து அவர் நிலையைக் கவனிக்கும் மருத்துவ உதவியாளர். தமிழ்நாட்டில் 2008 முதல் இயங்கிவரும் 108 சேவையில் ஓட்டுநருடன் பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளரும் உடன் வருவது இதற்கும் உதவுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

வாகனத்தின் முன்புறம் சிவப்பு விளக்கைக் காட்டக் கூடாது என்ற பொதுத் தடையையும், ஆம்புலன்ஸ் போன்றவற்றுக்கான விலக்கையும் கூறுவது 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 108ஆம் விதி. நாம் உதவிக்கு அழைக்கும் எண்ணும் அதுவாகவே அமைந்தது தற்செயல்தான். உயர்பதவியில் இருப்போரின் கார்களில் ஒளிர்ந்த சுழல்விளக்குகள் 2017 மே 1 முதல் நீக்கப்பட்டன. அவசரப் பணி வாகனங்களுக்கு மட்டுமே அந்த அடையாளம் உரியது என்பதே அம்முடிவின் சாரம்.

அவ்வாறிருக்க, சொந்தக் கார்களிலும் இருசக்கர வாகனங்களிலும் மின்னும் விளக்குகளை ஆசைக்காகப் பொருத்திக்கொள்வோரைக் காண்கிறோம். அது சட்டத்துக்கு முரணானது என்பது ஒருபுறம் இருக்கட்டும். தெருவில் மின்னும் விளக்குகள் பெருகப் பெருக, உண்மையான ஆம்புலன்ஸின் விளக்கைக் கண்டும் மக்கள் ஒதுங்காமல் போவார்கள். அந்த இழப்பு வண்டிக்குள் இருக்கும் நோயாளிக்கே. ஆம்புலன்ஸுக்கு வழிவிடத் தவறுவோருக்கு 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி 10,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறைத் தண்டனையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

குடும்பத்தினர் நினைவில் கொள்ள வேண்டியவை

ஓட்டுநரை விரைவுபடுத்தாதீர்கள். "விளக்கைப் போடுங்கள், இன்னும் வேகமாகப் போங்கள்" என்று வற்புறுத்தும்போது அவருடைய கவனம் சாலையிலிருந்து உங்கள் பக்கம் திரும்புகிறது. நோயாளியின் நிலை மாறுவதாகத் தோன்றினால் மருத்துவ உதவியாளரிடம் உடனே சொல்லுங்கள். விளக்கைப் பற்றிய முடிவை அவர் எடுப்பார்.

ஆம்புலன்ஸில் உடன் செல்பவர் இருக்கைப் பட்டையை அணிந்துகொள்ள வேண்டும். நோயாளியின் கையைப் பிடித்தபடி எழுந்து நிற்கக் கூடாது.

மற்றவர்கள் வேறொரு காரில் ஆம்புலன்ஸை ஒட்டியபடி பின்தொடர வேண்டாம். வழிவிட்ட வாகனங்கள், ஆம்புலன்ஸ் கடந்தவுடன் மீண்டும் சாலையின் நடுவுக்கு வரும். அடுத்து உங்கள் கார் பாய்ந்து வரும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. உங்கள் காரின் அபாய விளக்குகளை மினுக்கிக்கொண்டு சிவப்பு சிக்னலைக் கடக்கும் உரிமையும் உங்களுக்கு இல்லை. மருத்துவமனையின் பெயரையும் பிரிவையும் கேட்டுத் தெரிந்துகொண்டு, உங்கள் வழியில் நிதானமாக வந்து சேருங்கள். மருந்துச் சீட்டுகளையும் பழைய பரிசோதனை அறிக்கைகளையும் எடுத்து வந்தால், அது எங்களுக்குப் பல நிமிடங்களை மிச்சப்படுத்தும்.

வழிவிடும் இடத்தில் நீங்கள் இருந்தால், சட்டென்று பிரேக் போடாமல் சைகை காட்டி இடப்புறமாக ஒதுங்குங்கள். சிக்னலில் நிற்கும்போது பதற்றத்தில் சந்திப்புக்குள் பாயாமல், இயன்ற அளவு பக்கவாட்டில் நகர்ந்து இடம் கொடுங்கள். ஒரு வண்டி கடந்ததும் உடனே புறப்படாமல், பின்னால் மற்றொன்று வருகிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

தொடக்கத்தில் குறிப்பிட்ட அந்த மகனிடம் அன்று நான் கடைசியாகக் கூறியது இதுதான்: "உங்கள் தந்தைக்கு அவசரம் நேர்ந்திருந்தால் அதே ஓட்டுநர் அந்த விளக்கை ஏற்றியிருப்பார். அதற்கான தேவை அவருக்கு ஏற்படவில்லை என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளுங்கள்." அவர் வெளியே சென்று, வண்டியைக் கழுவிக்கொண்டிருந்த ஓட்டுநரிடம் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினார். தந்தைக்கு மறுநாள் அறுவை சிகிச்சை நடந்தது.